அம்மாவின் ஹார்மோன் மாத்திரை

மாதவிடாய் நின்ற பிறகு அம்மாவுக்கு உடம்புக்குள் திடீர் திடீரென்று அனல் ஏறும். குரோம்பேட்டையில் எங்கள் டிபன் கடையில் தோசைக்கல் முன்னால் நிற்பவள், கரண்டியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவிடுவாள்.

"கல்லாண்ட நின்னா சுடாம குளிருமா?" என்பார் அப்பா.

வீட்டிலும் அதே கதைதான். தூக்கம் போயிற்று. கடையை மூடிவிடலாம் என்று அவளே சொன்ன பிறகுதான் டாக்டரிடம் போனோம். ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அதனால் மருந்து விஷயமெல்லாம் என் பொறுப்பு. போனில் தேடினேன். மார்பகப் புற்றுநோய் ஆபத்து கூடலாம் என்றிருந்தது. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் சொல்ல வேண்டுமாம். பெரும்பாக்கம் அத்தைக்கு அது வந்து, சிகிச்சையில் குணமாகியிருக்கிறது. மாத்திரையைத் தொடவே கூடாது என்று ஒரே பிடியாக நின்றேன். மூவரும் மறுபடி டாக்டரிடம் போனோம்.

"மேடம், இந்த மாத்திரையால... இங்க... மேல்பக்கம்..." அம்மாவை வைத்துக்கொண்டு அந்தச் சொல் எனக்கு வரவில்லை.

"மாருல புத்து வருமான்னு கேக்குறான் மேடம்" என்றாள் அம்மா. அப்பா சுவர்க் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

"எங்க ஃபேமிலில இருக்கு மேடம். அத்தைக்கு" என்றேன்.

"அப்பா கூடப் பொறந்தவங்களா? சொந்தத்துல கல்யாணமா?"

"இல்ல மேடம், அசல்ல" என்றார் அப்பா.

"அப்ப அத்தைக்கு வந்தது இவங்க கணக்குல சேராதுப்பா. உங்க அம்மா, அக்கா தங்கச்சி யாருக்காவது இருந்துதாம்மா?"

"யாருக்கும் இல்ல மேடம். இவங்க வூட்லேர்ந்து எனக்கு வந்தது இவரு குறட்டை ஒண்ணுதான்."

டாக்டரே சிரித்துவிட்டார். ஆனாலும் என் பயத்தை அவர் ஒதுக்கவில்லை. இரண்டு ஹார்மோன் சேர்ந்த இந்த மாத்திரையை வருஷக்கணக்கில் போட்டால் ஆபத்து கொஞ்சம் கூடத்தான் செய்யும். முதலில் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, குறைந்த அளவில், தேவைப்படும் காலத்துக்கு மட்டும் போடலாம். நடுநடுவே வந்து காட்ட வேண்டும். போடாமலும் இருக்கலாம், இந்த அனல் உயிருக்கு ஒன்றும் செய்யாது என்றார்.

நானும் அப்பாவும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம்.

"சும்மா இருங்க ரெண்டு பேரும். வேகறது நானு. எனக்குத் தூக்கம் வேணும் மேடம், டெஸ்ட் எடுத்துகினு வரேன்."

மேமோகிராமில் ஒன்றுமில்லை. மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் அனல் தணிந்தது. அடுத்த பரிசோதனைக்கு என் போனில் அலாரம் இருக்கிறது. கடையை மூடும் பேச்சே இப்போது இல்லை. சாயங்காலம் பரோட்டாவும் போடலாம் என்கிறாள் அம்மா. மாவு பிசைய வேண்டியவர் அப்பா என்பதால், வியர்வை இப்போது அவருக்கு.