பூவ மட்டும் கிள்ளுங்க

பார்த்தீனியம் பிடுங்கிய கையை என்ன சோப்பு போட்டுக் கழுவினாலும் அந்தக் கசப்பு போகாது. கையுறை போட்டாலும் அப்படித்தான். வீட்டுக்கு வந்து இட்லியைப் பிட்டு வாயில் வைத்தால்... இட்லியும் கசக்கும்.

இன்று காலையும் கசந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

பதினைந்து வருஷத்துக்கு முன்பு நான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் பில் போடும் வேலையில் இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் நன்றாக விடியும்வரை தூக்கம். அந்தத் தூக்கத்தைக் கெடுத்த பாவி, பக்கத்து வீட்டு சங்கர். இன்சூரன்ஸ் ஏஜென்ட். வாய் ஓயாது.

அவன் மகள் மீனுவுக்கு இளைப்பு. தெருமுனைப் பூங்காவில் விளையாடிவிட்டு வந்தால் ராத்திரி முழுக்க நெஞ்சு விசிலடிக்கும். அங்கே மண்டிக் கிடக்கும் பார்த்தீனியக் களை ஒத்துக்கொள்ளவில்லை, அந்தப் பக்கமே கூட்டிப் போகாதீர்கள் என்றார் டாக்டர். வேறு யாராக இருந்தாலும் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பார்கள். இவன் பூங்காவைச் சரிபண்ணக் கிளம்பினான்.

"பாப்பா ஊஞ்சல் கேக்குதுபா. இன்னா பெரிய விஷயம்? நாலு ஞாயித்துக்கிழமை வா, புடுங்கிப் போட்டுடலாம்."

நாலு ஞாயிறா! இரண்டு மழைக்காலம் ஓடியது...

பூ விடுவதற்கு முன்பே வேரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடம் வெறுமனே கிடந்தால் அடுத்த மழைக்கு அதே சனியன் முளைக்கும். வாக்கிங் வருகிறவர்கள் வேறு, "பச்சையா இருந்ததையும் மொட்டை அடிச்சிட்டானுங்க" என்று எங்கள் காதுபடவே பேசுவார்கள்.

பிறகு ஒரு ஆடி மாதம், புங்க மரத்தடியில் தும்பை முளைத்தது. நாங்கள் விதைக்கவில்லை. மண்ணுக்குள் கிடந்த விதைதான் போலிருக்கிறது. கூடவே நீல நீலமாக விஷ்ணுகிரந்தி. தும்பை அடர்த்தியாக வந்த இடத்தில் பார்த்தீனியம் தலைகாட்டவில்லை.

மீனு ஊஞ்சல் ஆடினாள். சங்கர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான்.

பின்னாலேயே வந்தது பிள்ளையார் சதுர்த்தி. எங்கள் ஊர் பக்தியைச் சொல்ல வேண்டுமா? பிள்ளையாருக்குச் சாத்தத் தும்பை இருக்கிறது என்று தெரிந்ததும் கட்டைப்பையோடு வந்து வேரோடு வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். சுவரோரம் கொஞ்சம் தப்பியது, அவ்வளவுதான். ஐப்பசி மழைக்கு அந்தக் குழிகளில் எல்லாம் பார்த்தீனியம். மீனுவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று.

மறுபடி முதலிலிருந்து பிடுங்கினோம். சுவரோரத் தும்பையில் விதை எடுத்துத் தூவினோம். அடுத்த சதுர்த்திக்குக் காலையிலேயே சங்கர் பூங்கா வாசலில் நின்றுவிட்டான்.

"பூவ மட்டும் கிள்ளுங்க. வேரோட புடுங்கினா பிள்ளையார் கோச்சிக்க மாட்டாரு, நான் கோச்சிக்குவேன்!"

"சாமிக்குத்தானேபா..." என்று ஓர் அம்மா இழுத்தார்.

"சாமிக்குப் பூ போதும்மா. வேரு எம்பொண்ணுக்கு வேணும்."

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதே வாசல், அதே சத்தம். மீனு அந்த மண்ணில்தான் விளையாடி வளர்ந்தாள்.

கொரோனா இரண்டாவது அலையில் சங்கர் போய்விட்டான். பிள்ளையின் மூச்சுக்காக இத்தனை பாடுபட்டவனுக்குக் கடைசியில் மூச்சு கிடைக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது பூங்காவில் கலர் லைட், உடற்பயிற்சி சாமான், செல்ஃபி எடுக்க ஒரு போர்டு எல்லாம் இருக்கிறது. மீனு வெளியூர் ஹாஸ்டலில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மட்டும் போய்ப் பிடுங்கிவிட்டு வருகிறேன்.

இன்று சதுர்த்தி என்பதால் காலையிலேயே போனேன். புங்க மரத்தடியில் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள். சின்னவள் ஒரு தும்பைச் செடியை அடியோடு பிடித்து இழுக்கப் போனாள். பெரியவள் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏய், வேரோட புடுங்காதடி. பூவ மட்டும் கிள்ளு. இங்க ஒருத்தரு வாசல்ல நின்னுக்கினு இருப்பாரு. பாத்தாருன்னா கத்துவாரு."

சின்னவள் பயந்துபோய் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்...

அவர் இப்போது இல்லை என்று நான் சொல்லவில்லை.