ஒரு தொன்னைப் பொங்கல்

வங்கதேசப் போருக்கு முந்தைய ஆவணி மாதம் அது. பிள்ளையார்பாளையத்து வீட்டில் தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவுக்கு ராட்டை சுற்றும் கையைத் தூக்க முடியவில்லை. மார்பில் இருந்த கட்டியைப் பற்றி ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. சென்னை ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றார்கள். அப்போது அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது.

"இந்த வயசுல கத்தியைவிட மயக்க மருந்துதான் எனக்குப் பயம்" என்றார் டாக்டர். வயிற்றில் எது இருந்தாலும் மயக்கத்தில் மேலே வந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடுமாம். அறுவைக்கு முதல் நாள் இரவுக்குப் பிறகு தண்ணீர்கூடக் கூடாது.

மறுநாள் காலை நர்ஸ் கேட்டாள். "ஏதாச்சும் சாப்ட்டீங்களாம்மா?"

"பச்சத் தண்ணி பல்லுல படல" என்றாள் அம்மா. அவளைத் தள்ளுவண்டியில் அறுவை அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

காலை பஸ்ஸில் ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை, என் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்தாள். "காலம்பற பூஜை சக்கரப்பொங்கல் வாங்கியாந்தேம்பா. நீ மருந்துக் கடைக்குப் போயிருந்தியா, அப்பவே குட்த்துட்டேன். அண்ணி ஒரு தொன்ன முழுசும் தின்னுச்சி, பாவம்."

நான் ஓடினேன். அந்தத் தாழ்வாரம் எவ்வளவு நீளம் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. அறுவை அறைக் கதவை இரண்டு கைகளாலும் அறைந்தேன். முகமூடியோடு எட்டிப் பார்த்த டாக்டரிடம் "பொங்கல்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

மயக்க மருந்து இன்னும் கொடுத்திருக்கவில்லை. அம்மாவைத் திருப்பி அனுப்பினார்கள். டாக்டர் திட்டியதில் அவளுக்குத்தான் கோபம். "சாமி பிரசாதத்தப் போயி சாப்பாடும்பாங்களா? இவுரு என்னாத்த படிச்சாரு?"

அடுத்த வாரம்தான் மறுபடி நாள் கிடைத்தது. அதுவரை அந்தக் கட்டி வளர்ந்துகொண்டே இருப்பதாக எனக்குத் தோன்றியது. அன்று காலை அத்தை, எதுவும் கொடுக்கவில்லை என்று சூடம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை. "வாயத் தொறம்மா" என்றேன்.

அம்மா ஆவென்று திறந்து காட்டினாள். "போதுமா? நாக்கையும் நீட்டட்டா?" சிரித்தபடியே உள்ளே போனாள். கதவு திறக்கும்போதெல்லாம் அத்தையும் நானும் எழுந்து நின்றோம்.

மாலையில் அம்மா கண் விழித்து, நாக்கு வறண்டுபோகிறது என்றாள். தண்ணீர் தரலாம் என்றாள் நர்ஸ். நான் இன்னும் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் பஞ்சை நனைத்தேன்.