ஆகாத ரத்தம்

பேருந்து மஞ்சக்குப்பத்தைத் தாண்டியதும் கண்டக்டர் தைரியராஜ் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்ப்பார். சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் அது காலியாகிவிடும். "உள்ள போங்கம்மா, நடுவுல எடம் கெடக்கு" என்று கத்தும்போது நெற்றி நரம்பு புடைக்கும். முகம் எப்போதும் செக்கச்செவேலென்று இருக்கும், கண்களும் அப்படியே. புதிதாக ஏறுகிறவர்கள் சற்று விலகி நின்றுதான் டிக்கெட் வாங்குவார்கள். "காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டான்" என்று பின்னால் யாரோ முணுமுணுப்பது காதில் விழும். பீர்கூடத் தொடாத மனிதர். ஒருமுறை பஸ் முதலாளி எல்லோர் முன்னாலும் வாயை ஊதச் சொன்னார். ஊதிக் காட்டினார்.

சில வருஷங்களுக்கு முன் மூளைக்கு அடியிலிருந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள். அதோடு ஆண் உடம்புக்கு வேண்டிய ஹார்மோன் சுரப்பதும் நின்றுபோனது. தாடி வளரவில்லை. படிக்கட்டில் நிற்கத் தெம்பில்லை. மனைவி ஜோதி மேரி ஏதாவது கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். டாக்டர் மூன்று வாரத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி எழுதினார். முகத்தில் மறுபடி ரேசர் ஓடியது. அந்த வருஷம் மாதா கோயில் சப்பரத்துக்குத் தோள் கொடுத்தார்.

பிறகுதான் தலைவலி, காதுக்குள் இரைச்சல், முகத்தில் இந்தச் சிவப்பு. சோதித்தபோது ரத்தத்தில் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தன.

"ஊசியாலதான். ரத்தம் கெட்டியாச்சின்னா எங்கனா ஒறஞ்சி அடைச்சிக்கும்" என்றார் டாக்டர்.

"அப்ப ஊசிய நிறுத்திடலாமா சார்?"

கேட்டு முடிப்பதற்குள்ளேயே அவர் கை தானாகத் தாடையைத் தடவிப் பார்த்தது. டாக்டர் நிறுத்தவில்லை, அளவைக் குறைத்தார். அதற்கும் சிவப்பணுக்கள் குறையாதபோது ஒரு பை ரத்தத்தை எடுத்துவிடச் சொன்னார். அளவு குறைந்ததால் அடுத்த ஊசி நெருங்கும் நாட்களில் பழைய சோர்வு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"போட்டா ரத்தம் கெட்டியாவுது, போடலன்னா நான் ஒடஞ்சி போறேன். என்னா பண்ணச் சொல்ற மேரி?"

"நீங்க உசுரோட இருந்தா போதும்" என்றாள். அந்த 'போதும்' அவரைச் சுட்டது.

போன மாதம் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கையிலிருந்து ரத்தம் பைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"எந்த குரூப்புண்ணா?"

"ஓ பாசிட்டிவ்."

அவள் முகம் மலர்ந்தது. "எங்க வூட்டுக்காரருக்கும் அதாண்ணா. நெல்லிக்குப்பத்துல கரும்பு டிராக்டர் கவுந்துடிச்சி. ரத்தம் குடுக்க ஆள் தேடி அலையிறேன். இத அவருக்கு ஏத்திடலாம்ல?"

ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த பாலகுமார் சொன்னார்: "இது வைத்தியத்துக்காக எடுக்கறதும்மா. யாருக்கும் ஏத்தக் கூடாது. கழிவுலதான் போவும்."

"பாக்க நல்லா செவசெவன்னுதான இருக்காரு?"

"முன்னல்லாம் ரத்தம் குடுத்தவன்தாம்மா நானு" என்றார் தைரியராஜ். அதற்குள் அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரையோ கெஞ்ச ஆரம்பித்திருந்தாள்.

பை நிறைந்தது. பாலகுமார் ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தி, கையை மடக்கிக்கொள்ளச் சொன்னார். பையைக் கழிவுக்கான மஞ்சள் கவரில் போடப் போனார்.

"இருங்க சார்."

தைரியராஜ் எழுந்து உட்கார்ந்து, மடக்காத கையை நீட்டி அதை வாங்கினார். உள்ளங்கையில் கதகதப்பாகக் கனத்தது. சற்று நேரம் வைத்திருந்தார். பிறகு குனிந்து, கவருக்குள் மெல்ல இறக்கி வைத்தார்.