ஜவ்வரிசி மூட்டையோடு குவைத்துக்கு

ராசிபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகப் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறேன். பூமி உருண்டை, அதற்கு மூலை முடுக்கு கிடையாது என்று வருஷம் தவறாமல் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவன். அப்படிப்பட்ட நான், தங்கை புருஷனின் விமான டிக்கெட்டை வாரசூலம் பார்த்து மாற்றினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட இது கொஞ்சம் கௌரவம்.

எண்பதுகளின் தொடக்கம், ஆனி மாதக் கடைசி. மாப்பிள்ளை வேலுச்சாமி குவைத்தில் டீசல் மெக்கானிக். இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தவர், ஒரு குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைக்குள் அங்கே போய் இறங்கியாக வேண்டும். தவறினால் விசா செல்லாது. விசா போனால் வேலையும் போச்சு. வெண்ணந்தூரில் அவர்கள் கட்டிய வீடு சுவர் மட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. மேலே போட வேண்டிய கான்கிரீட் குவைத்திலிருந்துதான் வர வேண்டும். டிக்கெட் எடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். குடும்பத்தில் உலகப்படம் வைத்திருக்கும் ஒரே ஆள் நான்தான்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு ஏஜெண்டு, வெள்ளிக்கிழமை விமானத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தவன் சும்மா இருந்திருக்கலாம், காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசைப் பயணம் ஆகாது. குவைத் மேற்கே இருக்கிறது. ராசிபுரத்தில் அதை என்னைவிட நிச்சயமாகச் சொல்லக்கூடியவர் யார்? மறுநாளே போய் அடுத்த செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டு வந்தேன். வீட்டில், வெள்ளிக்கிழமை இடமில்லை என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிச் சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தது. திங்கள் சாயங்காலம் ரேடியோவில், விமான ஊழியர்கள் வேலைநிறுத்தம், சென்னையிலிருந்து உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் போகிற விமானங்கள் ரத்து என்றார்கள். அப்புறம்தான் காலண்டர் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். பரிகாரம்: வெல்லம்.

செவ்வாய், காலை 9.10

ராசிபுரத்திலிருந்து சேலம் 26 கிலோமீட்டர். டிக்கெட் இரண்டு ரூபாய் பத்துக் காசு. மாப்பிள்ளையும் நானும் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவர் பேசாதது சுபாவம். நான் பேசாததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும்.

ஏஜெண்டின் ஆபீஸ் ஏற்காடு ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. சுவர் நிறைய விமானப் படங்கள். எங்களைப் பார்த்ததும் அவர் டெலிபோனைக் கீழே வைத்தார்.

"மெட்ராஸை மறந்துருங்க சார். அங்க அவனவன் பெட்டி மேல படுத்துக் கெடக்கறான். பம்பாயில இருந்து வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க ஓட்டறாங்க. சனிக்கெழம ராத்திரி குவைத்துக்கு ஒண்ணு போகுது. இதே டிக்கெட்ட அதுக்கு மாத்திக்கலாம்னு பேசி வெச்சிருக்கறேன். ஆனா சனிக்கெழம மத்தியானம் ஆளு நேர்ல அங்க நிக்கோணும்."

"பம்பாய்க்கு எப்படிப் போறது?"

"அதுக்கு நல்ல ப்ளேன் இருக்குதுங்க. இப்ப ஓடறதில்ல."

ஜங்ஷனுக்குப் போனோம். விமானத்தில் போக வேண்டியவர்கள் எல்லாம் ரயிலுக்கு இறங்கியிருந்தார்கள். பம்பாய் வண்டிக்குப் பதினைந்து நாளைக்கு இடமில்லை. பெங்களூர் போய் பஸ் பிடிக்கலாம். அங்கே சீட்டுக் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்லத் தயாராக இல்லை. டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் நின்று நான் மூன்றாவது முறையாக அதே கேள்வியைக் கேட்டபோது, மாப்பிள்ளை என் சட்டைக் கையைப் பிடித்து மெதுவாக இழுத்தார்.

"மச்சான், நாமக்கல் போலாமுங்களா? நல்லுசாமியண்ணங்கிட்டக் கேட்டுப் பாக்கலாம்."

செவ்வாய், பகல் 2 மணி

சேலத்திலிருந்து நாமக்கல் 52 கிலோமீட்டர். மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று வழியெல்லாம் காற்று. ஜவ்வரிசி எடுக்கிற மரவள்ளி, எங்கள் பேச்சில் குச்சிக்கிழங்கு, செடி செடியாக ஒரே பக்கம் சாய்ந்து நின்றது. நல்லுசாமி லாரி முதலாளி. புக்கிங் ஆபீஸும் வைத்திருக்கிறார். குவைத் போவதற்கு முன்னால் அவருடைய பட்டறையில்தான் மாப்பிள்ளை வேலை பார்த்தார். ஆபீஸ் என்பது ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேஜை, பூட்டுப் போட்ட டெலிபோன். எதிரில் ஒரு கரும்பலகை. அதில் நாக்பூர், கல்கத்தா, இந்தூர், அகமதாபாத் என்று சாக்பீஸில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே எந்த வண்டி, எந்தச் சரக்கு என்று போட்டிருந்தது. என் வகுப்பு உலகப்படத்தைவிட அந்தப் பலகையில் இந்தியா உயிரோடு இருந்தது.

நான் விஷயத்தை விவரமாக ஆரம்பித்தேன். வேலைநிறுத்தத்தின் பின்னணி வரை வந்திருப்பேன். நல்லுசாமி கையைத் தூக்கினார்.

"ஆளு ஒண்ணுங்களா, ரெண்டா?"

"ஒருத்தர்தான்."

"பெட்டி?"

"ரெண்டு."

"எங்க எறக்கோணும், எந்தத் தேதிக்கு?"

"பம்பாய். சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள."

"நனையக் கூடாதுங்களா?"

"மனுஷனுங்க," என்றேன்.

"மனுஷன் மட்டும் நனையலாமுங்களா? அங்க இப்ப நல்ல மழ." கரும்பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இரும்பு லோடு ஒண்ணு இன்னைக்கே போகுது. வேண்டாம். இரும்பு ரெண்டு நாள் லேட்டாப் போனாலும் இரும்புதான், டிரைவரு தூங்கித் தூங்கிப் போவான். நாளைக்கு வெண்ணந்தூர் சேகோ பேக்டரியில ஜவ்வரிசி ஏத்துது. அதுல போங்க. இந்த வாரம் பம்பாய்க்குப் போற வண்டியில லேட்டே ஆகக்கூடாத வண்டி அது ஒண்ணுதான்."

"ஜவ்வரிசிக்கு என்ன அவசரம்?"

"ஞாயித்துக்கெழம ஏகாதசிங்க. அந்தச் சீமைல பெரிய ஏகாதசி. ஊரே வெரதம் இருக்கும். வெரதத்துக்கு ஜவ்வரிசிதான் வேணும்."

"விரதம்னா பட்டினி கெடக்கறதுதானுங்களே?"

"அது நம்மூர் வெரதம். அங்க அரிசி பருப்பத் தொடமாட்டாங்க. ஜவ்வரிசியில கடலக்காய இடிச்சுப் போட்டுக் கெளறிக் கிண்ணங் கிண்ணமாத் திம்பாங்க."

"அப்புறம் எதுக்கு அது விரதம்?"

"அதப் போயி அவங்ககிட்டக் கேட்டு நம்ம யாவாரத்தக் கெடுத்துறாதீங்க சாமி. வெள்ளிக்கெழம பொழுதோட மூட்ட எறங்கோணும். ஏகாதசிக்கு மறுநாள் போச்சுன்னா அத்தனையும் மாட்டுத் தீவனம்."

விமானக் கம்பெனியும் ரயில்வேயும் கைவிட்ட இடத்தில், முன்பின் தெரியாத லட்சக்கணக்கான பேருடைய பசி எங்களுக்குக் கைகொடுத்தது. நானும் பம்பாய் வரை துணைக்குப் போவதென்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். குற்றம் செய்தவனுக்குத் திடீரென்று வரும் வீரம் அது. சாயங்காலம் தலைமையாசிரியரிடம் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'வெளிநாட்டுப் பயண ஏற்பாடு' என்று எழுதியதில் ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது.

புதன், காலை 7 மணி

வெண்ணந்தூர் ஆலைக் களத்தில் ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. கிழங்குத் தண்ணீரின் புளித்த வாடை. அது எங்கள் பக்கத்து வாடை, மூக்கு பழகியது. நூற்றுப்பத்து மூட்டை ஏற்றித் தார்ப்பாய் கட்டி முடித்திருந்தார்கள். டிரைவர் கருப்பண்ணன், மாற்றி ஓட்ட இன்னொரு டிரைவர் மணி. நிறுத்தாமல் ஓட்டிப் போவதாக ஏற்பாடு.

என் தங்கை சரசு கட்டுச்சோற்று மூட்டையோடு வந்து நின்றாள். முதல் நாள் இரவு அவள் தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஏனுங்ணா, வெள்ளிக்கெழம மெய்யாலுமே எடமில்லீங்களா?"

"இல்லம்மா," என்று ஜவ்வரிசியைப் பார்த்துச் சொன்னேன்.

கருப்பண்ணன் மாப்பிள்ளையின் கையைப் பார்த்தார். கிரீஸ் ஏறிய நகம். "மெக்கானிக்குங்களா? வாங்க, முன்னால உக்காருங்க. வண்டிக்கு ஒரு நல்ல காலம்." பிறகு என்னையும், என் படுக்கையையும், குடையையும், கக்கத்தில் இருந்த உலகப்படப் புத்தகத்தையும் பார்த்தார். "வாத்தியாரு எதுக்குங்க?"

"துணைக்கு."

"அவருக்கா, உங்களுக்கா?"

சரசு வண்டிச் சக்கரத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். "பத்தரமாக் கொண்டுபோயிச் சேத்துருங்ண்ணா," என்று கருப்பண்ணனிடம் சொன்னாள். பக்கத்தில் இருந்த சொந்த அண்ணனிடம் சொல்லவில்லை. 7.50க்கு வண்டி நகர்ந்தது.

புதன், காலை 9.30

லாரி முன்பகுதியில் நாலாவது ஆளுக்கு இடம் என்பது எஞ்சினின் மேல்மூடிதான். அதன் சூடு வேட்டியைத் தாண்டி, தோலைத் தாண்டி, மனசாட்சிவரை ஏறியது. சேலம் தாண்டி ஓமலூர் போவதற்குள் ஒரு முறை இறங்கிச் சாலையோரம் குனிந்தேன். ஓமலூருக்கு அப்பால் இரண்டாம் முறை. வண்டி நிற்கும்போதெல்லாம் மணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை பார்க்காதவர் போல மலையைப் பார்த்தார். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல்தான் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை இடம் இருந்ததை, சூலத்தை, மாற்றியதை, பொடி எழுத்தை.



மாப்பிள்ளை எனக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றிக்கொடுத்தார். "வெல்லந்தானுங்களே மச்சான்," என்றார். "ஊட்ல ஒரு பானை இருந்துச்சே."

கருப்பண்ணனின் தோள் குலுங்கியது. மணி வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டார். மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார். வேலை போகுமோ போகாதோ என்று இருந்த மனிதர், இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். நானும் சேர்ந்துகொள்ளப் பார்த்தேன், வயிறு விடவில்லை. தொப்பூருக்குச் சற்று முன்னால் மூன்றாவது நிறுத்தம்.

தொப்பூர் டீக்கடையில் கருப்பண்ணன் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"வாத்தியாரே, தப்பா நெனைக்காதீங்க. கணக்கு நீங்களே போடுங்க. சேலத்துல இருந்து முப்பத்தஞ்சு கிலோமீட்டரு. மூணு நிறுத்தம். பம்பாய்க்கு இன்னும் ஆயிரத்து நூத்தம்பது கெடக்குது."

ஏறக்குறைய நூறு நிறுத்தம் வந்தது.

"இந்தக் கணக்குல போனா மாப்ளையும் போகமாட்டாரு, மூட்டையும் போகாது. துவாதசிக்கு யாருங்க ஜவ்வரிசி வாங்குவாங்க?"

எதிரே கணவாய் ஏற்றம் ஆரம்பித்தது. படுக்கையை இறக்கிக்கொண்டேன். உலகப்படத்தையும் இறக்கிக்கொண்டேன். பம்பாயில் மழை என்பதால் குடையை மட்டும் மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். மனதில் இருந்ததைச் சொல்ல நல்ல வாசகம் ஒன்றைத் தேடினேன். தேடி முடிப்பதற்குள் அவர் வண்டிப் படியில் கால் வைத்திருந்தார்.

"வாரனுங்க மச்சான்," என்றார் அவர். "வெயில்ல நிக்காதீங்க. ஒரு சோடா குடிச்சுட்டு பஸ் ஏறுங்க."

மேட்டில் ஊர்ந்து ஏறிய அந்தத் தார்ப்பாய் முதுகு வளைவில் மறையும்வரை நின்றேன். தொப்பூரிலிருந்து சேலத்துக்குப் பஸ் கட்டணம் இரண்டு ரூபாய் எண்பது காசு. பஸ்ஸில் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஒரு கடலைப் பொட்டலம்கூடத் தின்றேன்.

சனி, மாலை 4 மணி

வியாழனும் வெள்ளியும் சரசு என் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவள் வீட்டுக்கு நான் போனேன். காப்பி கொடுத்தாள், பேச்சு கொடுக்கவில்லை. மேலே கூரையில்லாத அறையில் உட்கார்ந்து காப்பி குடித்தால், வானம் முழுவதும் நம்மைத்தான் பார்க்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கே நல்லுசாமி ஆபீஸில் போய் உட்கார்ந்தேன். அவர் பம்பாய்க்கு ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு, மற்ற வண்டிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். கரும்பலகையில் பம்பாய்க்கு நேரே 'ஜவ்வரிசி 110' என்றும், அதன் கீழே 'மாப்ளை 1' என்றும் எழுதியிருந்தது.

நாலு மணிக்கு லைன் கிடைத்தது.

"மூட்ட எறங்குச்சா? எப்ப? நேத்துப் பொழுதோடவா? ஒண்ணும் நனையலையே? பாத்தீங்களா, நல்லாப் பாத்தீங்களா?" நூற்றுப்பத்து மூட்டையையும் அவர் ஒவ்வொன்றாக விசாரிப்பது போல எனக்குத் தோன்றியது. நான் எழுந்து மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றேன். "ம்... ம்... சரி." போனை வைத்தார். "உங்க ஆளும் பத்தரமா எறங்கிட்டாருங்க. மத்தியானமே ஆபீஸ்ல டிக்கெட்ட மாத்தியாச்சாம். கருப்பண்ணனே கூடப் போயி நின்னிருக்கறான்."

பலகையில் இரண்டு வரியையும் துணியால் துடைத்தார். நான் உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை மதியம் குவைத்திலிருந்து தந்தி வந்தது. சேர்ந்துவிட்டேன் என்று ஒரே ஒரு சொல். சரசு அதை இரண்டு முறை என்னை வாசிக்கச் சொன்னாள். பிறகு, "சாப்டுட்டுத்தான் போகோணும்," என்றாள். அதுவரை வராத பசி அப்போது வந்தது.

வெளிநாட்டுப் பயண ஏற்பாட்டுக்காக நான் போன தூரத்தைக் கூட்டிப் பார்த்தேன். இருநூற்று முப்பத்து மூன்று கிலோமீட்டர். சேலம் ஜில்லா எல்லையைத் தாண்டியது ஒரு டீக்கடை தூரம். இத்தனை வருஷமாக நான் போதித்த பூகோளத்தில் ஊர்கள் எல்லாம் கோடுகளுக்கு நடுவில் தனித்தனிப் புள்ளிகள். நல்லுசாமியின் பலகையில் அவை ஒன்றுக்கொன்று அவசரமாக வேண்டியவை. இதை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பரீட்சைக்கு வருமா என்று கேட்டார்கள்.

பத்து நாள் கழித்து, கருப்பண்ணன் நாசிக் வெங்காயத்தோடு திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டு நன்றி சொல்ல நாமக்கல் போனேன். நன்றி சொல்லி முடித்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் கேட்டும் விட்டேன், மாப்பிள்ளை என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று.

"சொன்னாராவுங்க? ஹூப்ளி தாண்டுனதும் எனக்குக் கண்ணு சொக்கும். 'மாப்ள, வாத்தியாரு கதைய இன்னொருக்காச் சொல்லுங்க'ம்பேன். சிரிச்சுச் சிரிச்சுத் தூக்கம் ஓடிப்போயிருமுங்க. புனா வரைக்கும் அதுலதான் ஓட்டுனோம். டீச் செலவு மிச்சம்."