ஓசி ஈயமும் ஒரு பாய்மரப் படகும்

ஹார்லன் ட்வெட் மகா சிக்கனக்காரன். அந்தச் சிக்கனத்துக்கு அவன் செலவழித்த காசில் இன்னொரு வீடே கட்டியிருக்கலாம், போங்கள்.

கடையில் ஒரு துப்பாக்கிக் குண்டு பன்னிரண்டு சென்ட். ஈயத்தை வீட்டிலேயே உருக்கி அச்சில் வார்த்தால் இரண்டே சென்ட். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்தடைத்து, வார்த்த குண்டைப் பொருத்தினால் தோட்டா தயார். கடலே இல்லாத மொன்டானா மாநிலத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் இப்படித்தான். மிச்சமாகிற காசில் உன்னைக் கடலுக்குக் கூட்டிப் போகிறேன் என்று ஹார்லன் மனைவி வெர்னாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அவள் கோதுமை வயல்களுக்கு நடுவில் பிறந்து, அறுபது தாண்டியும் கடலை நேரில் பார்க்காதவள். பாவம், நம்பிவிட்டாள்.

உருக்குகிற சட்டி வந்தது. அச்சு வந்தது. அது சரியில்லை என்று வேறு அச்சு வந்தது. இதையெல்லாம் வைக்க ஒரு கொட்டகையும் எழும்பியது.

"கடலு எப்போ?" என்றாள் வெர்னா.

"இன்னும் கொஞ்சம் சுடணும். சுடச்சுடத்தான மிச்சம் ஏறும்."

"அப்ப இந்தக் கொட்டகை, சட்டியெல்லாம்?"

"அதெல்லாம் வாங்கியாச்சு. வாங்கினதைக் கணக்குல சேர்க்கக் கூடாது. சுடுற மைதானத்துல யாரை வேணா கேட்டுப் பாரு."

கேட்டாள். அத்தனை ஆண்களும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

பிறகு ஈயத்துக்குப் பஞ்சம் வந்தது. டயர் கடையில் சக்கரத்திலிருந்து கழற்றிப் போடும் ஈய எடைக்கட்டிகளை வாளி வாளியாக ஓசியில் வாங்கி வருவான். இப்போது அதிலும் பாதி துத்தநாகம். தெரியாமல் கொஞ்சம் கலந்ததில் சட்டி முழுக்கக் கஞ்சியாகிப் பாழ். ஹார்லன் சாப்பாடு இறங்காமல் கிடந்தான். ஒருநாள் காலையில் திடீரென்று, "கிளம்பு வெர்னா, கடலுக்குப் போறோம்" என்றான்.

வெர்னா அழுதே விட்டாள். மணலில் நடக்கவென்று புதுச் செருப்பு வாங்கினாள். மலையெல்லாம் தாண்டி ஓரிகன் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வண்டி கடற்கரையில் நிற்கவில்லை. நேரே ஒரு படகுப் பட்டறைக்குள் போய் நின்றது.

அங்கே இடெல்லா என்ற விதவை தன் பழைய பாய்மரப் படகை ஓசிக்குக் கொடுக்கிறாளாம். கவிழாமல் இருக்க அதன் அடியில் ஒரு டன் ஈயம்.

"ஈயத்தை மட்டும் பேர்த்துக்கறேனே" என்று இளித்தான் ஹார்லன்.

"அதெல்லாம் ஆகாது. எடுத்தா முழுசா எடுத்துட்டுப் போ."

படகை அதன் சக்கர மேடையோடு வண்டிக்குப் பின்னால் பூட்டினான். மழை வருகிறது என்று உடனே கிளம்பியும் விட்டான். வெர்னா பின்கண்ணாடியில் கடலைத் தேடினாள். கண்ணாடி முழுக்கப் படகுதான் இருந்தது.

மறுநாள் ஹார்லன் ரம்பத்தோடு வந்தபோது, வெர்னா தலையணையும் காப்பிக் குடுவையுமாகப் படகுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"இறங்கு, அறுக்கணும்."

"இறங்க மாட்டேன். கடலுக்குன்னு கூட்டிட்டுப் போயி, கால் நனைக்கக்கூட விடலை நீ. எனக்கு வயிறு எரியுது ஹார்லன். கடலைக் காட்டு, இறங்கறேன்."

கெஞ்சினான். கத்தினான். ஒருவாரம் தனியாகச் சமைத்துப் பார்த்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஏணி போட்டு ஏறி, வெர்னாவோடு சீட்டாடினார்கள். எட்டாம் நாள் சட்டி, அச்சு, கொட்டகை எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளினான். அந்தக் காசு பெட்ரோலுக்கு மட்டும்தான் கட்டியது. மறுபடியும் அதே படகு, அதே மலை, அதே கரை.

இடெல்லா தலையிலடித்துக்கொண்டாள். ஆனாலும் படகைத் தண்ணீரில் இறக்கி, வெர்னாவைக் கைபிடித்து ஏற்றி, பாயை விரித்தாள். ஹார்லனும் ஏறப் போனான்.

"உனக்கு இடமில்லை. நீ வந்தா பாரம் தாங்காது" என்றாள் வெர்னா.

அடியில் ஒரு டன் ஈயத்தோடு படகு ஆடாமல் நிமிர்ந்து போயிற்று. ஹார்லன் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தான். வெர்னா தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷமாயிற்று. ஈய ஞாபகமே அவனுக்கு வரவில்லை. அவள் திரும்பி வருவாளா என்றுதான் பயமாக இருந்தது.