விற்பனைக்கு விசை இல்லை

விற்றுப்போனதாகக் கணினி சொன்ன மாடு எங்கள் கொட்டிலில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. இதை எனக்குச் சொன்னவர் பண்ணையில் பால் கறக்கிறவர். நான் அப்போது துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருக்கும் என் அலுவலகத்தில், யாரோ இறக்குமதி செய்த மரத்தடிகளுக்குச் சுங்கத் தாள் அடித்துக்கொண்டிருந்தேன். போனில் அவர் குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது.

“அக்கா, நாப்பத்தொண்ணாம் நம்பர வித்தாச்சா?”

“யாரு வித்தா?”

“எம் போன்ல வர்ற லிஸ்ட்ல வித்தாச்சுன்னு காட்டுது. மாடு இங்கனதான் நிக்குது. அண்ணாச்சிகிட்ட கேக்க ஒரு மாதிரியா இருக்கு. அதான் ஒங்களுக்கு அடிச்சேன்.”

அண்ணாச்சி என்று அவர் சொன்னது என் கணவரை. நாற்பத்தொன்றுக்கு மடியில் வீக்கம் வந்து ஊசி போட்டிருந்தார்கள். ஊசி போட்ட மாட்டுக்குப் பட்டியலில் சிவப்புப் புள்ளி வரும். அந்தப் புள்ளி மறையும்வரை அதன் பாலைத் தனியாகக் கறந்து கொட்டிவிட வேண்டும், விற்கிற கேனில் சேர்க்கக் கூடாது. ஊசி போடும்போது கறக்கிறவரே மாட்டைப் பிடித்திருந்ததால், புள்ளி வராதபோதும் பால் கேனுக்குப் போகவில்லை. வேறு யாராவது கறந்திருந்தால் போயிருக்கும்.

என் புத்தி முதலில் போனது வேறு பக்கம். எனக்குத் தெரியாமல் இந்த மனுஷன் மாடு விற்க ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் பண்ணை இருக்கிற உடன்குடிக்குத் திருச்செந்தூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். வழி நெடுக, போய் என்னென்ன கேட்க வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது மில்லர்புரத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும்.

என் கணவர் மணப்பாட்டுக்காரர், கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். கல்யாணமான நாளிலிருந்து வருஷத்தில் பாதிக்கு மேல் அவர் கடலிலும் நான் தூத்துக்குடியிலும் இருந்தோம். ஒரு முறை லீவில் வந்தவர், “இனி போகல. போதும்” என்றார். நான் காரணம் கேட்கவில்லை. மாதா கோயிலில் நன்றிப் பூசை வைத்தேன். “ஒனக்காகத்தாம்ளா வந்திருக்காரு” என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொன்னார்கள். நானும் அதை நம்பி, கொஞ்சம் தலைக்கனத்தோடே திரிந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சேர்த்த காசில் உடன்குடிக்கு வெளியே செம்மண் நிலம் வாங்கி மாடு வளர்க்கப் போகிறேன் என்றார். கடற்கரை ஆளுக்கு மாடு எதற்கு என்று அவருடைய சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாரம் முழுக்கப் பண்ணையிலேயே ஓர் அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை வீட்டுக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை பூசை பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

மாடுகள் பெருகியதும் கணினிக் கணக்குக்கு மாற்றச் சொன்னது நான். ஒவ்வொரு மாட்டுக்கும் காதில் ஒரு நம்பர். அந்த நம்பரின் கீழ் கன்று ஈன்றது, சினை ஊசி போட்டது, மருந்து கொடுத்தது, பால் அளவு எல்லாம் ஏற வேண்டும். பதிகிற வேலையை நானே போனில் செய்துகொள்ளலாம் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. தானே செய்வதாகச் சொல்லி ஒரு நிபந்தனை வைத்தார்.

“இந்த எலியப் புடிச்சு இழுத்துக்கிட்டே திரிய என்னால ஆகாது. ஒரு பட்டன அமுக்குனா ஒரு வேல நடக்கணும். எஞ்சின் ரூம்ல அப்படித்தான்.”

எலி என்று அவர் சொன்னது மவுஸை. “தொரைக்கு எலி புடிச்சா கை வலிக்குமோ?” என்று கேட்டுக்கொண்டே விசைகளை அமைத்துக் கொடுத்தேன். எஃப் ஐந்து பாலுக்கு, எஃப் ஆறு சினை ஊசிக்கு, எஃப் ஏழு மருந்துக்கு, எஃப் எட்டு கன்றுக்கு. இந்த நான்கும் விசைப்பலகையின் மேல் வரிசையில் ஒரு கூட்டமாகச் சேர்ந்திருப்பவை. அபூர்வமாகத் தேவைப்படும் விற்பனையைக் கடைசியில், எஃப் பன்னிரண்டில் வைத்தேன். அடுத்த முறை போனபோது எஃப் ஐந்தின்மேல் பசை ஒரு சொட்டு காய்ந்து மொட்டு மாதிரி நின்றது. கணினியை இப்படியா வைத்திருப்பது என்று திட்டிக்கொண்டே நகத்தால் சுரண்டி எடுத்தேன். அதற்கடுத்த முறை போனபோது மறுபடியும் இருந்தது.

பண்ணையில் ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. கறக்கிறவர் வாசலில் நின்று மாட்டின் நம்பரையும் நடந்ததையும் சொல்வார், இவர் உள்ளே மேசையில் உட்கார்ந்து பதிவார். கப்பலிலும் இப்படித்தான், ஒருத்தர் கூப்பிட்டுச் சொல்ல இன்னொருத்தர் எழுதுவாராம். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வேலைதான் நடந்துகொண்டிருந்தது. கறக்கிறவர் என்னைப் பார்த்து விலகி வழிவிட்டார். நான் செருப்பை வெளியே விட்டுவிட்டு அறைக்குள் போய், கணவரின் நாற்காலிக்குப் பக்கவாட்டில் நின்றேன். அவர் திரும்பவில்லை.

“பதினேழு, காச்சலுக்கு ஊசி போட்டாச்சு” என்றார் வாசலில் நின்றவர்.

கணவரின் விரல் அந்தப் பசை மொட்டைத் தொட்டது. அதிலிருந்து இரண்டு விசை தள்ளி அழுத்தியது. ஒன்று, ஏழு என்று அடித்தார். திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று வந்தது. ‘பதினேழு: விற்பனை. உறுதியா?’ என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் முகம் திரைப் பக்கமே இல்லை, ஜன்னல் பக்கம் இருந்தது. கொஞ்சமும் தயங்காமல் எண்டரை அழுத்தினார். பதினேழாம் மாடும் விற்றுப்போனது.

“ஏங்க” என்றேன். நாற்காலியோடு அதிர்ந்துவிட்டார். நான் பக்கத்தில் நிற்பது அவருக்கு அதுவரை தெரியவில்லை.

“இப்ப என்ன பதிஞ்சீங்க?”

“மருந்து. நீ எப்ப வந்த?”

“திரையில என்ன இருக்கு? படிங்க.”

அவர் குனிந்தார், முகத்தைத் திரைக்கு வெகு அருகில் கொண்டுபோனார், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்.

“அப்டேட் ஏதும் வந்துச்சோ?”

வந்திருந்தது. மென்பொருள்காரர்கள் புதுப் பதிப்பில் எல்லாக் கட்டளைகளையும் அகர வரிசையில் அடுக்கி, விசைகளையும் அதே வரிசையில் மாற்றிவிட்டிருந்தார்கள். மருந்து இருந்த எஃப் ஏழில் விற்பனை வந்து உட்கார்ந்துவிட்டது. பால் மட்டும் தற்செயலாகப் பழைய இடத்திலேயே நின்றது. தினமும் ஏறுகிற பால் கணக்கு சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாற்றத்தை அறிவிக்கும் கட்டமும் வந்திருக்கும். அவர் அதையும் எண்டர் அழுத்தி அனுப்பியிருப்பார்.

கறக்கிறவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மாட்டு மருந்து வைக்கும் சின்ன ஃபிரிட்ஜைத் திறக்கச் சொன்னார். தடுப்பூசிகளுக்கு நடுவே ஒரு சின்னச் சொட்டு மருந்துப் புட்டி இருந்தது. நான் பலமுறை பார்த்த புட்டிதான். ஏதோ கன்றுக்குட்டி மருந்து என்று நினைத்திருந்தேன்.

அது அவருக்கானது. கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை ஓரங்களிலிருந்து குறுகிக்கொண்டே வருகிற நோய். கப்பலில் ஏறுமுன் செய்கிற பரிசோதனையில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதோடு கப்பல் வேலை முடிந்தது. “போதும்” என்று அவர் சொன்னதற்கு அர்த்தம் அதுதான். பேப்பரில் ஒன்றுமில்லை என்று அவர் படிப்பதை நிறுத்தியது, ‘தொண்டை சரியில்ல’ என்று கோயிலில் வாசகம் வாசிக்கப் போகாமலிருந்தது, டம்ளர் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றியது எல்லாம் எனக்கு அப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

கோபம் வந்தது. அதைவிட, அந்த நன்றிப் பூசையை நினைத்து எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த நேரத்தில் கேட்கக் கூடாத கேள்விதான், ஆனாலும் கேட்டேன்.

“அப்ப நீங்க எனக்காக வரலயா?”

“ரெண்டும்தான்” என்றார்.

அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டேன். பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது, விசைகளை நீங்களே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு பெண் வழி சொன்னாள். ஷார்ட்கட்டுகளை நிர்வகிக்க என்றே ஒரு பக்கம் இருந்தது. இடது பக்கம் கட்டளைகள், வலது பக்கம் விசைகள், கீழே ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் வைத்தால் இனிமேல் எந்தப் புதுப்பிப்பும் இந்த விசைகளைத் தொடாது. முதலில் நாற்பத்தொன்றையும் பதினேழையும் பட்டியலுக்குத் திரும்பக் கொண்டுவந்து மருந்தைப் பதிந்தேன். சிவப்புப் புள்ளிகள் வந்தன. பிறகு நான்கு விசைகளையும் பழையபடி வைத்தேன். ஒவ்வொன்றையும் வைக்கும்போது சொல்லிக்கொண்டே வைத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

“வித்ததுக்கும் பழைய எடத்துலயே ஒரு பட்டன் வையி” என்றார்.

“எதுக்கு?”

“வித்துருவோம்ளா. கண்ணு தெரியாதவன் கைல எதுக்கு இத்தன உசுரு? அந்தப் பாலு கேனுக்குப் போயிருந்தா என்ன ஆவும்? பச்சப்புள்ளைக்கு வாங்கிட்டுப் போறாங்க.”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. விற்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் கப்பல் போன பிறகு அந்த மனிதருக்குத் தன் பொறுப்பு என்று மிச்சமிருந்தது அந்தக் கொட்டில் ஒன்றுதான். அதுவும் போனால் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஆளாக ஆகிவிடுவார். அவர் அப்படி ஆவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

“விக்கதுக்கு விசை கெடையாது” என்றேன். “விக்கணும்னு தோணுனா என்னயக் கூப்புடுங்க. நான் பஸ் ஏறி வந்து, எலியப் புடிச்சு, மெனுவத் தொறந்து வித்துத் தாரேன்.”

நானும் நிபந்தனை வைத்தேன். ஒன்று, கணினி ஒவ்வொரு பதிவையும் உரக்கச் சொல்ல வேண்டும். இன்னொன்று, கறக்கிறவருக்கு விஷயம் தெரிய வேண்டும். இரண்டாவதற்கு அவர் முகம் சுருங்கிப்போனது. எஞ்சின் அறையில் எத்தனையோ பேருக்கு மேலே நின்றவர். கொஞ்ச நேரம் விசைப்பலகையைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் எழுந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அவரே கறக்கிறவரைக் கூப்பிட்டார்.

“ஏலே, எனக்குக் கண்ணு தெரியாது. இனிமே இது சத்தமாச் சொல்லும். நீ சொன்னது ஒண்ணு, இது சொல்லுதது வேறன்னா அங்கனயே என்ன நிப்பாட்டிரு.”

“சரி அண்ணாச்சி” என்றார் அவர். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை.

பிறகு கண் டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். இருப்பதும் இப்போது மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. சொட்டு மருந்துப் புட்டி பண்ணை ஃபிரிட்ஜில் தடுப்பூசிகளை விட்டு முன் தட்டுக்கு வந்துவிட்டது. வாரக் கடைசியில் அவர் வருவதற்குப் பதிலாக நான் பண்ணைக்குப் போகிறேன். கொட்டிலில் மாடுகள் குறையவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அவர் கட்டிலில் படுத்திருந்தார். நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எப்படித்தான் செய்கிறார் என்று பார்க்கத் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஒரு நம்பர் சொல்லுங்க” என்றேன்.

“நாப்பத்தொண்ணு. பால் எட்டு லிட்டர்.”

பசை மொட்டைத் தேடினேன். அது எனக்கு அகப்படவில்லை. ஏதோ ஒன்றை அழுத்தினேன். ‘தடுப்பூசி’ என்றது கணினி. மறுபடி தேடினேன். ‘சினை ஊசி’ என்றது. அந்த இருட்டில் விசைப்பலகை எவ்வளவு பெரிதாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை காலம் இதற்குள் தனியாக உட்கார்ந்து மாடு மாடாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். நான் எலியைச் சொல்லிக் கேலி பண்ணிக்கொண்டிருந்தேன். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை. அவருக்குத் தெரியப் போவதில்லை என்று நினைத்தேன்.

கட்டிலில் அவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

“அழாத. கண்ணத் தொற” என்றார். “நம்ம ரெண்டு பேருல ஒருத்தராவது திரையப் பாக்கணும்லா.”

கண்ணைத் திறந்தேன். தப்பாக விழுந்த இரண்டையும் அழித்துவிட்டு, நாற்பத்தொன்றுக்கு எட்டு லிட்டர் என்று பதிந்தேன்.