இரண்டாவது திறப்பு

எங்கள் கெப் வாகனத்துக்கு ஒரே ஒரு திறப்புத்தான், ஒரே ஒரு சாவி. வாங்கிய அன்றே இரண்டு தந்திருக்க வேண்டும். கொழும்பில் அதை என் தலையில் கட்டிவிட்ட முகவர் நிறுவனத்து இளைஞர், "மற்றது கப்பல்ல வருது, மெடம்" என்று சிரித்தபடி சொன்னார். திருகோணமலைக்காரியிடம் போய்க் கப்பல் கதை சொல்லலாமா? ஓர்ஸ் ஹில் கடைகளுக்கு முட்டை கொடுக்கப் போகும்போதெல்லாம் உள்துறைமுகம் கண்ணில் படும். சீமெந்து ஏற்றிய கப்பல் வந்தது, கோதுமை ஏற்றிய கப்பல் வந்தது, இரண்டும் திரும்பியும் போயின. என் திறப்பு எதிலும் வரவில்லை.

பாலையூற்றில் எனக்கு ஒரு சின்னக் கோழிப்பண்ணை இருக்கிறது. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். தீவனம் ஏற்றவும் முட்டை கொண்டுபோகவும் வாடகை வாகனத்துக்குக் காத்திருந்து அலுத்துத்தான் பின்னால் சாமான் ஏற்றும் தட்டு வைத்த புத்தம் புதிய கெப் ஒன்றை வாங்கினேன். பிள்ளையார் கோயிலில் பூசை வைத்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, அம்மாவை முன் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "இனி உனக்கு ஒரு துணை" என்றார் அம்மா. வண்டியைத்தான் சொன்னார்.

துணையின் குணம் ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது. சூடாக இருக்கும்போது எஞ்சினை நிறுத்தினால் அது ஆறும்வரை மறுபடி இயங்காது. மாரியில் மேலே எங்கேயோ ஒழுகி என் மடியில் சொட்டும். எல்லாவற்றையும்விட மோசமானது பூட்டு. வண்டி சும்மா நிற்கும்போது நான்கு கதவுகளும் டக்கென்று தாமாகப் பூட்டிக்கொள்ளும். கடைகளில் இறங்கும்போது எஞ்சினை நிறுத்தவும் ஏலாது, திறப்பை எடுக்கவும் ஏலாது. அப்படி இறங்கிய நேரம் பார்த்துப் பூட்டிக்கொண்டால் நான் வெளியே, திறப்பு உள்ளே.

அயலில் எல்லோரும் கண்ணூறு என்றார்கள். பெண் ஒருத்தி தனியாகப் புது வாகனம் ஓட்டினால் ஊர்க்கண் சும்மா விடுமா என்று ஒரு மாமி எனக்காகவே கவலைப்பட்டார். முகவர் நிறுவனமோ, "நீங்கள் ஓடுற விதத்திலதான் ஏதோ பிழை" என்றது. இரண்டும் ஒரே கதைதான். பழுது வண்டியில் இல்லை, என்னில். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கொழும்பு வரை ஓட்டிப்போய் அவர்களுடைய பட்டறையில் விட்டேன். அன்று முழுவதும், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கும் பிள்ளைபோல அது அடக்கமாக இருந்தது. ஒரு கதவும் பூட்டவில்லை. "எங்கட கொம்பியூட்டர்ல ஒரு பிழையும் காட்டேல்ல, மெடம்" என்று திருப்பித் தந்தார்கள். திரும்பும் வழியில் கந்தளாயில் தேநீர் வாங்க இறங்கினேன். டக். கோப்பையும் கையுமாக நான் வெளியே நிற்க, அம்மா உள்ளே இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தன் பக்கக் கைபிடியை இழுத்தார். கதவு திறந்துகொண்டது.

உள்ளே ஆள் இருந்தால் பூட்டு ஒரு பிரச்சினையே இல்லை என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. கப்பலில் வராத திறப்பு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் அம்மாவைக் கூட்டிப்போனேன். அவருக்கும் அது பிடித்திருந்தது. கடைகளில் கொடுத்த முட்டைக்குப் பதிலாக, முட்டை அடுக்கும் வெறும் அட்டைகளை வாங்கி வருவேன். அவற்றைக் குப்பை தட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி மடியில் வைத்துக்கொள்வது அம்மாவின் வேலை. நான் நன்றாக அடுக்க மாட்டேனாம்.

அம்மாவுக்கு மறதி வந்தது மெதுவாகத்தான். முதலில் உப்பை இரண்டு தரம் போட்டார். பிறகு கோழிகளுக்குத் தீவனம் வைத்ததை மறந்து மறுபடியும் வைத்தார். ஒருநாள் நான் கடைக்குள் நின்றபோது வண்டியைவிட்டு இறங்கிப் போய்விட்டார். நகரம் முழுக்க ஓடித் தேடினேன். பஸ் நிலையத்தில், எந்த பஸ்ஸுக்கு என்று தெரியாமலே வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டேன். ஒவ்வொரு கடை வாசலிலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். "ஆர் வந்து தட்டினாலும் திறக்கக் கூடாது, அம்மா. இறங்கவும் கூடாது. நான் அட்டையோட வருவன். அப்ப திறவுங்கோ." அம்மா ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகக் கேட்பவர்போலத் தலையாட்டுவார். ஆனால் பிசகாமல் செய்வார். பெயர்களும் நாட்களும் அவரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன, இந்த ஒன்று மட்டும் போகவில்லை.

கச்சான் காற்று அனலாக அடிக்கும் மாதம் அது. மத்தியானம், சந்தைக்குப் பக்கத்துக் கடை. அந்தக் கடைக்கார முஸ்லிம் அண்ணருக்கு, நானா என்றுதான் கூப்பிடுவேன், நெடுநாளாக முட்டை கொடுக்கிறேன். முட்டையைக் கொடுத்து வெறும் அட்டைகளைக் கையில் எடுக்கும்போது வெளியே எஞ்சின் இரைச்சல் நின்றது. தானாக நின்றுபோவது அதுவரை அந்த வண்டியிடம் இல்லாத பழுது. எஞ்சின் நின்றால் ஏ.சி.யும் இல்லை. அட்டைகளை மேசையிலேயே போட்டுவிட்டு ஓடினேன். நான் கைவைக்குமுன் டக் என்றது.

"அம்மா, திறவுங்கோ!"

அம்மா என்னைப் பார்த்தார். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அதற்கு முன் அம்மா என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. கண்ணாடியைத் தட்டினேன். மடியில் இருந்த அட்டைகளை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் ஆர்? என்ர பிள்ளை திறக்க வேண்டாமெண்டு சொன்னவ."

"நான்தானம்மா உங்கட பிள்ளை!"

"அவ இப்ப வருவா. நீங்கள் போங்கோ."

வண்டி நட்ட நடு வெயிலில் நின்றது. அம்மாவின் நெற்றியில் வேர்வை வழிவது கண்ணாடி வழியே தெரிந்தது. சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டார், பிறகு அதையும் நிறுத்தினார். உதடுகள் காய்ந்திருந்தன. நான் கைபிடியைக் காட்டினேன், கெஞ்சினேன், கத்தினேன். பெற்ற தாயைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். கத்தக் கத்த அவர் மற்றப் பக்கம் ஒதுங்கினார். ஆட்கள் கூடினார்கள். ஆளாளுக்கு ஒரு கண்ணாடியைத் தட்ட, அம்மா கண்களை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வெடித்தது.

"ஒடைச்சிருவம் தங்கச்சி, யோசிக்காதீங்க" என்று நானா இரும்புக் கம்பி எடுக்க உள்ளே ஓடினார். அவருக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தபோதுதான் மேசையில் கிடந்த அட்டைகள் கண்ணில் பட்டன.

எல்லோரையும் விலகச் சொன்னேன். கடைக்குள் போய் முகத்தைத் துடைத்தேன். அட்டைகளை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அங்கிருந்து, ஓடாமல், ஒவ்வொரு நாளும் நடந்து வருவதுபோல வண்டியை நோக்கி நடந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கடினமாக நடந்ததில்லை. நானா கம்பியோடு எனக்குப் பின்னால் நின்றார்.

"அம்மா" என்று சாதாரணமாகக் கூப்பிட்டேன். அம்மா கண்ணைத் திறந்தார். முதலில் அட்டைகளைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் என் முகத்தை. கை மெல்ல எழுந்து கைபிடியை இழுத்தது.

கதவு திறந்ததும் அடுப்பங்கரை போன்ற சூடு முகத்தில் அடித்தது. போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. அம்மாவைத் தாங்கி இறக்கிக் கடைக்குள் கதிரையில் இருத்தி, மின்விசிறியைப் போட்டுத் தண்ணீர் கொடுத்தோம். அவர் முகத்துக்கு நிறம் திரும்பிய பிறகு முகவர் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, "டாஷ்போட்ல ஏதாவது லைட் எரிஞ்சதா, மெடம்?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியென்றால் பழுது என்று பதியேலாது என்றார்கள். திறப்பு வருகிறதாம். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசியை வைத்துவிட்டேன்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டோவில் வீட்டுக்குப் புறப்பட்டோம். அம்மா அட்டைகளை விடவில்லை. நான் கொண்டுவந்தவற்றையும் வாங்கித் தட்டி, சேர்த்து அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார். பாதி வழியில் என் பக்கம் சாய்ந்து, ஓட்டோக்காரருக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"நீ இல்லாத நேரம் ஆரோ ஒரு பிள்ளை வந்து கதவைத் தட்டினது. நான் திறக்கேல்ல."

"நல்லது, அம்மா."

"சரியா அழுதது. பாவம், அதுக்கு ஆரும் இல்லைப் போல."